பதினேழு விழுக்காடு காலியிடம்

மே 3

என் கணவர் சோலைமலை இன்று மாலை நான்கு மணி ஜீப்பில் வந்து இறங்கினார். மதுரையில் மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டராக இருந்து போன மாதம் முப்பதாம் தேதி ஓய்வு பெற்றவர். உடன் வந்தவை: இரண்டு பெட்டி, ஒரு மேசை விசிறி, கம்பம் ஏறும்போது இடுப்பில் கட்டும் பெல்ட், ஒரு விண்ணப்பப் படிவம். நாலாயிரம் அடி உயரத்தில் விசிறி எதற்கு என்று நான் கேட்கவில்லை. முதல் நாளே கேட்கக் கூடாது.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். அவருக்கு மதுரை; எனக்கு முதலில் வேறு ஊர்கள், கடைசிப் பதினெட்டு வருடம் ஆனைமலையில் இந்த மர ஆய்வு நிலையம். ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். மூன்று வருடம் நான்கு மாதம் வந்தது. மகள் பிறந்தபோது எடுத்த விடுப்பும் அதில் அடக்கம். சண்டை போட்டதே இல்லை. நேரம் கிடைத்ததில்லை.

அவர் பெயரை இந்த நோட்டில் மட்டும்தான் எழுதுவேன். வாயால் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் கணவர் பெயரைச் சொன்னதில்லை. 'ஏங்க' போதுமானதாக இருந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தொலைபேசியில்.

படிவத்தின் தலைப்பு: 'கணவன் மனைவி ஒரே ஊரில் வசிப்பதற்கான இடமாறுதல் விண்ணப்பம்.' என் பெயர், பதவி, பணியில் சேர்ந்த நாள் எல்லாவற்றையும் அவரே நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள குடுத்துரணும் மங்கை. மதுரை ஆபீசுல ஒரு நாற்காலி காலியா கெடக்காம். விசாரிச்சுட்டேன்."

"பாக்கிறேங்க" என்றேன்.

எனக்கு இன்னும் நான்கு வருட வேலை இருக்கிறது. நான் போய்விட்டால் இங்கே என் இடத்துக்கு யாரும் வரப்போவதில்லை, அளவெடுப்பு நின்றுவிடும். இதை அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் அதற்குள் விசிறிக்கு இடம் தேட ஆரம்பித்துவிட்டார்.

படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் பதினான்கு நிபந்தனைகள். எல்லாவற்றையும் படித்தேன். ஆறாவதை இரண்டு முறை படித்தேன். மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மே 4

காலையில் அவரை முதல் வட்டத்துக்கு, நான் அளவெடுக்கும் காட்டுப் பகுதிக்கு, அழைத்துப் போனேன். என் வேலையை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பார்ப்பதற்கு அதில் அதிகம் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு குவிக்கண்ணாடி. அதன்மேல் இருபத்து நான்கு கட்டங்கள் கீறியிருக்கும். மார்புக்கு நேராகப் பிடித்துக் குனிந்தால் தலைக்கு மேலே இருக்கும் மர உச்சிகள் அதில் தெரியும். எந்தக் கட்டத்தில் இலை, எந்தக் கட்டத்தில் வானம் என்று எண்ணி எழுத வேண்டும். பதினெட்டு வருடமாக நான் வானத்தைக் குனிந்துதான் பார்த்துவருகிறேன்.

இங்கே இருப்பவை கோங்கு மரங்கள். எழுபது அடி. ஒவ்வொன்றின் உச்சியும் பக்கத்து மரத்தைத் தொடுவதற்கு ஒன்றரை அடி முன்னால் வந்து நின்றுவிடும். எல்லாத் திசையிலும் அப்படியே. கீழிருந்து பார்த்தால் பச்சை நிலப்பரப்பில் வெள்ளை ஆறுகள் கிளைபிரிந்து ஓடுவதுபோல் இருக்கும். காலை மூடுபனி அந்த ஆறுகளின் வழியாகத்தான் மேலே போகும். அறிக்கையில் ஆறு என்று எழுதுவதில்லை. இடைவெளி என்று எழுதுவேன்.

அவர் கண்ணாடியை வாங்கவில்லை. கழுத்தை மல்லாத்தி நேராகவே பார்த்தார்.

"யாரு வெட்டுனது?"

"யாரும் வெட்டலீங்க."

"சும்மா சொல்லாத. கம்பிக்கும் கிளைக்கும் நடுவுல விடுற கிளியரன்சு மாதிரி அச்சா இருக்கு. எங்க ஆளுக கூட இம்புட்டு சுத்தமா வெட்ட மாட்டாங்க."

"அதுகளே விட்டுக்கிட்டதுதான்."

"ஏன், ஒண்ணுக்கொண்ணு ஆகாதா?"

இதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. காற்றில் ஆடும்போது நுனிகள் மோதி ஒடிகின்றன, ஒடிந்த இடத்தில் மறுபடி துளிர்ப்பதில்லை என்பது ஒரு கட்சி. பக்கத்து இலையில் பட்டுவரும் வெளிச்சத்தை வைத்தே மரம் முன்கூட்டி நின்றுகொள்கிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டையும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"ஆகாதுன்னுதான நீயும் சொல்ற" என்றார்.

முப்பத்தோரு வருடம் கம்பியைத் தொடுகிற கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தவர். பெயர் சோலைமலை. இதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மே 6

அடுக்களை அலமாரியில் டப்பாக்களை உயர வாரியாக அடுக்கிவிட்டார். மிளகு கிடைக்கவில்லை. ரசம் வைக்கவில்லை.

மே 8

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். அப்படியே எழுதிக்கொள்கிறேன், பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

'தங்கள் ஆண்டறிக்கையில் முதல் வட்டத்தின் மர உச்சிகளுக்கு இடையே பதினேழு விழுக்காடு காலியிடம் காட்டப்பட்டுள்ளது. மேற்படி காலியிடம் எந்த ஆண்டு முதல் காலியாக உள்ளது என்பதையும், இதுவரை பயன்படுத்தப்படாததற்கான காரணத்தையும் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

நான் 'இடைவெளி' என்று எழுதியதை யாரோ 'காலியிடம்' என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். மர உச்சிகள் தொடாமல் நிற்கும் இந்த நிகழ்வுக்கே சென்ற வருடம் கலைச்சொல் குழு 'உச்சிக் கூச்சம்' என்று பெயர் வைத்தது. குழுவில் ஏழு பேர். அதில் மரத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மே 9

காலை ஆறரை முதல் ஏழு வரை பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ குடிப்பது என் வழக்கம். அப்போது பனி கீழிருந்து ஏறி வரும். மரங்கள் அடியில்லாமல் உச்சி மட்டும் மிதக்கும். சில நாள் நானும் அப்படி இருப்பதாகத் தோன்றும். அந்த அரை மணி நேரத்தில் பதினெட்டு வருடமாக யாரும் எதுவும் பேசியதில்லை.

இன்று பேசினார். தெப்பக்குளம் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வெடித்தது என்று சொன்னார். நன்றாகச் சொன்னார். நல்ல மனிதர்.

மே 10

இன்று வேறு டிரான்ஸ்ஃபார்மர்.

மே 12

அடுக்களையிலிருந்து "ஏங்க" என்று கூப்பிட்டேன். "ஏனுங்க மேடம்?" என்று வாசலிலிருந்து நாச்சிமுத்து வந்து நின்றார். நிலையத்தின் காவலர், மரமேறி, சமயத்தில் ஜீப் ஓட்டுநர். பொள்ளாச்சிக்காரர். ஐம்பது வயது. இதுவரை இந்த வீட்டில் நான் யாரையும் 'ஏங்க' என்று கூப்பிட்டதில்லை என்பதால் தன்னைத்தான் என்று நினைத்துவிட்டார்.

"உங்கள இல்ல நாச்சிமுத்து. சார."

"செரிங்க. நம்ம ஏனுங்கவும் உங்க ஏங்கவும் ஒரே மாதிரி கேக்குதுங்க."

என் கணவர் திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்ததால் என் குரல் கேட்கவில்லையாம். பூட்டு நன்றாகத்தான் இருந்தது.

மே 14

மூவருமாக இரண்டாம் வட்டத்துக்குப் போனோம்.

ஆறு வருடத்துக்கு முன் எட்டுக் கோங்கு மரங்களை அறுபதடி உயரத்தில் எஃகுக் கம்பியால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினோம். காற்றில் ஆடக் கூடாது, மோதக் கூடாது. மோதாவிட்டால் இடைவெளி மூடுமா என்று பார்ப்பதுதான் சோதனை. மூடிவிட்டது. கண்ணாடியில் இருபத்து நான்கு கட்டமும் இலை. தலைமை அலுவலகத்துக்கு இந்த வட்டத்தின் மேல் மிகுந்த மதிப்பு. நூறு விழுக்காடு.

கீழே பகலிலும் இருட்டு. முதல் வட்டத்தில் முழங்கால் உயரக் கன்றுகள் நிற்கின்றன, இங்கே சருகுதான். சோதனைக் காலம் முடிந்துவிட்டது. தென்மேற்குக் காற்று வருவதற்குள் கம்பிகளை அவிழ்க்க வேண்டும்.

நாச்சிமுத்துவிடம் அவர் கேட்டார்: "உங்க மேடம் உச்சிக் கூச்சம்னு ஒண்ணு சொல்லுதே, அப்படின்னா என்னத்தய்யா?"

"கூச்சமுங்களா? அக்குள்ல கை வெச்சா நெளிவோமுல்லங்க, அதுதானுங்க."

"எனக்கு ஐஸ் தண்ணி குடிச்சா பல்லு கூசும். அதுவா இருக்கும்னு நெனச்சேன்."

"கூச்சம்னா வெட்கம்" என்றேன்.

"யாருகிட்ட?" என்றார் என் கணவர். "நாப்பது வருசமா பக்கத்துல நிக்கிற மரத்துக்கிட்டயா?"

எனக்கு முதல் வட்டத்தில் கணக்கெடுப்பு பாக்கி இருந்தது. போய்விட்டேன். எடுத்து முடித்த கணக்கைத்தான் மறுபடி எடுத்தேன் என்பது பிறகு தெரிந்தது.

மே 17

"கையெழுத்து?" என்றார்.

"கண்ணாடியக் காணோம். எழுத்து தெரியல."

மூக்குக்கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. அவர் சொல்லவில்லை. மதியம் முகம் கழுவும்போது நானே கண்டுபிடித்தேன். அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

மே 20

தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம். இது பணியாளர் பிரிவிலிருந்து. எங்கள் கோப்பு அங்கே போய்விட்டது போலும். 'முதல் வட்டத்தில் உள்ள பதினேழு காலியிடங்களை நேரடி நியமனம் மூலம் நிரப்பலாமா அல்லது பதவி உயர்வு மூலமா' என்று கேட்டிருக்கிறார்கள்.

மாலை முழுவதும் பதில் எழுதினேன். முதல் வரைவு: 'மேற்படி இடங்களில் ஏற்கெனவே வெளிச்சம் பணியாற்றி வருகிறது.' கிழித்துவிட்டேன். இரண்டாவது: 'இவ்விடங்கள் காலியாக இருப்பதால்தான் சுற்றியுள்ளவை நிற்கின்றன.' அவர் எட்டிப் படித்தார். டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அதையும் கிழித்தேன். 'தட்டச்சுப் பிழை' என்று எழுதி அனுப்பினேன்.

மே 21

காலை டீ நேரத்தில் அவர் வரவில்லை. உள்ளே அமைதியாக இருந்தது. உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ ஆறுதுங்க."

"நீ குடிச்சுட்டு வா. எனக்கொண்ணும் அவசரமில்ல."

பனி ஏறி வந்தது. மரங்கள் மிதந்தன. பார்த்தேன் என்று எழுத வேண்டும். உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 23

மதியம் சாப்பாட்டுக்கு ஆள் இல்லை. தேடிப் போனால் முதல் வட்டத்தின் நடுவில் துண்டை விரித்து மல்லாந்து படுத்திருந்தார். செத்துக்கித்துப் போனாரோ என்று ஒரு நொடி. கண் திறந்திருந்தது.

"படு" என்றார்.

"எறும்பு இருக்கும்."

"எறும்பும் இங்கிட்டு வேலையாத்தான் வந்திருக்கு. படு."

இரண்டடி தள்ளிப் படுத்தேன். பதினெட்டு வருடத்தில் அண்ணாந்து பார்ப்பது இதுதான் முதல் முறை. கண்ணாடியில் தெரிவது வேறு. அதில் வானம் குட்டையாக, வளைந்து, எண்ணுவதற்குத் தோதாக இருக்கும். இங்கே எழுபதடி மேலே, அடியில்லாத தண்ணீர்போல இருந்தது. மெல்லிய காற்று. மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தன. வெள்ளை ஆறுகள் ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்றன, மறுபடி மாறின. ஒன்றையொன்று தொடப்போகும், தொடாமல் திரும்பும். தூங்கிவிட்டேனா தெரியவில்லை. ஆறுகளில் ஒன்றில் நான் போய்க்கொண்டிருந்தேன். கரையில் அவர் டெஸ்டரை வைத்துக்கொண்டு நின்றார்.

விழித்தபோது வெயில் இடைவெளி வழியாக முகத்தில் விழுந்து கண் கூசியது. கூச்சத்துக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு. குழு இதைப் பரிசீலிக்கவில்லை.

அவர் பக்கவாட்டில் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பிய அவுக்க எப்ப ஆளு வருது?"

"வரல. அடுத்த மாசம்தான் அனுப்புவாங்களாம். அதுக்குள்ள காத்து வந்துரும்."

"கம்பத்த இழுத்துக் கட்டுற ஸ்டே கம்பி மாதிரிதான? நான் எதுக்கு இருக்கேன்."

மே 25

பெல்ட்டை எடுத்து எண்ணெய் போட்டார். அறுபது வயதில் அறுபதடி வேண்டாம் என்றேன். கம்பத்துக்கும் மரத்துக்கும் என்ன வித்தியாசம் என்றார். மரம் ஆடும் என்றேன். "கட்டித்தான வச்சிருக்க, எப்படி ஆடும்?" என்றார். பெல்ட்டின் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

மே 27

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எட்டு மரங்களிலும் இரும்பு ஏணி உண்டு. காலை எட்டு மணிக்கு அவர் ஒரு மரத்திலும் நாச்சிமுத்து எதிர் மரத்திலும் ஏறினார்கள். ஒவ்வொரு கம்பியின் இரண்டு முனையிலும் முறுக்கி இறுக்கும் திருகு இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பதினொரு மணிக்குள் ஆறு கம்பிகள் முடிந்தன. மேலிருந்து அவர் குரல்தான் கேட்டது.

"மங்கை, உள்ள பூராம் காஞ்சு கெடக்கு! வெளியதான் பச்ச!"

"பேசாம வேலையப் பாருங்க!"

ஏழாவது கம்பி. நான் கீழே நின்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றியது. பதினாறாம் கட்டத்தில் அவர் கால். பதினேழில் இடுப்பு. பெல்ட்டின் கொக்கி மரத்தில் இல்லை. வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. திருகு எட்டவில்லை என்று கழற்றியிருக்கிறார்.

"ஏங்க!" என்று கத்தினேன்.

"ஏனுங்க மேடம்?" என்றார் நாச்சிமுத்து.

"உங்கள இல்ல! ஏங்க!"

"ஏனுங்க? தளத்தட்டுங்களா?"

நாச்சிமுத்துவின் கை திருகில் இருந்தது. அது கழன்றால் ஆறு வருடமாக இழுத்துக் கட்டியிருந்த மரம் ஒரே வீச்சில் நிமிரும். என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. 'ஏங்க' என்பது நாச்சிமுத்துவுக்கான கூப்பாடு என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

"சோலைமலை!"

அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது. காடு அதைத் திருப்பிச் சொன்னது. எங்கோ ஒரு கருமந்தி பதிலுக்குக் கத்தியது.

அவர் குனிந்து பார்த்தார். முகம் பதினேழாம் கட்டத்தில் முழுதாகத் தெரிந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"கொக்கிய மாட்டு!"

மாட்டினார். 'மாட்டுங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நொடியில் கம்பி கழன்றது. மரம் நாலடி பின்னால் போய் முன்னால் வந்தது. அவர் அதோடு போய் அதோடு வந்தார். பெல்ட் பிடித்துக்கொண்டது. மரம் நிற்கும்வரை இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே ஒரு கீற்று வானம் திறந்து மூடியது.

எட்டாவதையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பெல்ட்டைக் கழற்றினார். கண்ணாடியைக் கீழே போட்டிருக்கிறேன். விளிம்பில் ஒரு விரிசல்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்ட" என்றார்.

"வேற வழியில்ல."

"நல்லாத்தான் இருந்துச்சு."

நாச்சிமுத்து கம்பிகளை மிக மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மே 28

காலையில் பால் பொங்கிவிட்டது. துடைத்தேன்.

மே 29

"அந்த மூணாம் நம்பர் வீடு யாருது?" என்று கேட்டார்.

இங்கே மூன்று வீடுகள். ஒன்றாம் எண் கிடங்கு, இரண்டு என்னுடையது. மூன்றில் இருந்தவர் மாறுதலாகிப் போய் ஐந்து வருடம்.

"காலி."

வெளியே போய் இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவில் காலடி வைத்து அளந்தார். திரும்பி வந்து, "நாலடி. போதும்" என்றார்.

எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை. நிலைய ஊழியர்களின் குடும்பத்தினர் காலியாக உள்ள வீட்டைப் பயன்படுத்த விதி ஒன்பதில் இடமிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். விதியை நேற்றே எடுத்துப் பார்த்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

மே 31

படிவத்துக்குக் கடைசி நாள். அவர் கேட்கவில்லை. தபால் ஜீப் மூன்று மணிக்கு வந்து போனது.

மூன்றாம் எண் பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தார். பெட்டி இரண்டும் போயின. விசிறியும் போனது. போகிறபோது மிளகு டப்பாவைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. பதினெட்டு வருடமாக இதே அளவில்தான் இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 1

காலை ஒன்பது மணிக்குத் தென்மேற்குக் காற்று வந்தது.

முதல் வட்டத்தில் வழக்கம்போல. இரண்டாம் வட்டத்தில் எட்டு மரங்களும் ஆறு வருடத்துக்குப் பிறகு ஆடின. எப்படி ஆடுவது என்று மறந்துபோனவைபோல ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மதியம்வரை நுனிகள் ஒடிந்து உதிர்ந்தன. தரை பச்சையாகிவிட்டது.

"இப்படிக் கொட்டுதேங்க மேடம். மரம் தாங்குமுங்களா?"

"தாங்கும் நாச்சிமுத்து."

விரிசல் விட்ட கண்ணாடியில் எண்ணினேன். இருபத்து நான்கு கட்டத்தில் ஒன்றில் வானம்.

மாலையில் படிவத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் எண்ணுக்குப் போனேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் ஊறிய சுவரைக் காயவைக்கிறாராம். விசிறி எதற்கு என்பதற்கு ஒரு மாதம் கழித்து விடை கிடைத்தது.

மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"தேதி?" என்றார்.

"இன்னிக்குத் தேதிதான் போட்டிருக்கேன்."

"நேத்தோட முடிஞ்சிருச்சே."

"தெரியும்."

"ஆறாவது நிபந்தன படிச்சியா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது.

"ரெண்டு பேரும் வேலையில இருக்கணும். ஒருத்தர் ரிட்டையர்டு ஆயிட்டா செல்லாது" என்றேன். "நீங்க வந்த அன்னிக்கே படிச்சேன். நீங்க?"

"நிரப்புறதுக்கு முந்தியே. முப்பத்தோரு வருசம் ஃபாரத்தோட குடும்பம் நடத்துனவன் நானு."

"அப்புறம் எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"போடுவியா மாட்டியான்னு பாக்கத்தான்."

மை காயட்டும் என்று தாளை விசிறிக்கு நேரே பிடித்தார். அது படபடத்தது. பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சாப்பாடு ஏழரைக்கு" என்றேன். "வருவீங்களா?"

"கூப்பிட்டா வருவேன்."

ஏழரைக்குப் பின்வாசலில் நின்று நாலடி தள்ளியிருந்த ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டேன். உடனே வந்தார். நாச்சிமுத்து வரவில்லை.

என் கணவர் பெயரை இனி இந்த நோட்டில் எழுத வேண்டிய தேவை இல்லை.